மாமா குரலில் விட்ட மீன்

மீன் அறுப்பவனுக்கு மீனின் வயிறுதான் செய்தித்தாள். ஏரிக்குள் நேற்று யார் யாரைத் தின்றார்கள் என்பதை ஊருக்கு முன்னால் படித்துவிடுகிறவன் அவன்தான். செதில் பறந்து கண்ணில் விழுந்தவர்கள், முள் குத்தி வீங்கிய விரலோடு பரீட்சை எழுதியவர்கள், பஸ்ஸில் பக்கத்து சீட் கடைசி வரை காலியாகவே வரக் கண்டவர்கள், நீங்கள் எல்லோரும் என் ஜாதி. உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்கலாம்.

எங்கள் கடை மைசூரு ரிங் ரோட்டைத் தாண்டி ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது. கடை என்றால் நான்கு கம்பு, ஒரு நீலத் தார்ப்பாய், ஒரு தராசு, ஒரு புளியமரக் கட்டை. ஏரியில் மீன் பிடிக்கும் குத்தகை என் தாய்மாமன் பழனியுடையது. பரிசலில் போய் வலை போடுவது ராமாபுரத்துச் சின்னராசு அண்ணன். ஞாயிற்றுக்கிழமையிலும் லீவு நாளிலும் கட்டை முன்னால் உட்கார்ந்து அறுப்பது ஜீவா என்கிற நான். மூன்று வீட்டுக்கும் சோறு அந்தத் தண்ணீரிலிருந்துதான் வந்தது. அந்தத் தண்ணீரை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

மாமாவின் ஒரே பதில்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் பேசினாலும் அந்தக் குரல் என் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஹெட்மாஸ்டர், பஸ் கண்டக்டர், பக்கத்து வீட்டுக் குக்கர், யாரையும் விட்டதில்லை. கட்லாவை ஓட்டுக் கேட்க வந்த தலைவர் குரலில் விற்பேன். ஜிலேபி மீனை ரயில்வே ஸ்டேஷன் பெண் குரலில், இன்னும் சற்று நேரத்தில் முதலாவது கட்டைக்கு வந்து சேரும் என்று அறிவிப்பேன். சின்னராசு அண்ணன் குரலில் அவர் வீட்டுக்கே போன் போட்டு, எனக்கு இன்றைக்குச் சாப்பாடு கட்டாதே என்று சொல்லி, மனுஷனை மத்தியானம் பட்டினி போட்டிருக்கிறேன்.

மாமா குரல்தான் எல்லாவற்றிலும் சுலபம். பேசுவதற்கு முன் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார், தொண்டையைச் செருமுவார், பிறகு எதைக் கேட்டாலும் ஒரே பதில்: யோசிச்சுச் சொல்றேன். காபி வேண்டுமா என்றாலும் அதுதான். பெண் பார்க்கப் போன இடத்தில் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கும் அதையே சொன்னாராம். அத்தை இருபது வருஷமாகச் சொல்லிக் காட்டுகிறாள். இதை நான் செய்து காட்டினால் கரையே சிரிக்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஸ்டெல்லா சிஸ்டர், ஞாயிறு பூசை முடிந்து அந்தச் சேலையோடேயே ஒரு கூறு பொடிமீன் வாங்க வருகிறவர், ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லார் குரலும் உனக்கு வருது. உன் குரல் எதுன்னுதான் எனக்கு இன்னும் தெரியல தம்பி."

முத்தம் கொடுத்து விடுகிறவர்

சனிக்கிழமை காலையில் ஒருத்தர் வருவார். தலையில் காது மறைக்கிற தொப்பி, கையில் சுருள் வைத்த தூண்டில், காரில் இன்னும் ஐந்தாறு தூண்டில். மாமாவிடம் கேட்டுக்கொண்டு (யோசிச்சுச் சொல்ல மாமாவுக்கு மூன்று வாரம் ஆனது) கரையின் மேற்கு மூலையில் உட்காருவார். நாங்கள் வைத்த பெயர் தொப்பி சார். கன்னடக்காரர்; எங்களோடு ஆசையாகத் தமிழ் பேசுவார், ஆனால் ஏரியை மட்டும் கன்னட வழக்கப்படி கெரே என்றுதான் சொல்வார். மீன் சிக்கினால் தூக்கிப் பிடித்து போட்டோ எடுப்பார். அப்புறம் அதன் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்.

அவருக்கு ஒரே ஒரு குறை. எங்கள் கட்லாவும் ரோகுவும் சண்டை போடுவதில்லையாம். கயிறு கட்டிய எருமை மாதிரி இழுத்த பக்கம் வருகிறதாம். தூண்டில் போடுகிறவனுக்கு, கவ்வின மீன் எதிர்த்து நின்று கையை உலுக்க வேண்டுமாம். என்னிடம் மட்டும் போனில் ஒரு மீனின் படத்தைக் காட்டினார். பீகாக் பாஸ் என்று பெயர். தங்க நிறம், உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை, வாலில் மயில் தோகைக் கண் மாதிரி ஒரு வட்டம். வெளிநாட்டு ஆற்று மீன். இங்கே வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறார்கள், தொட்டிக்கு மேல் வளர்ந்துவிட்டால் எங்கே விடுவது என்று தெரியாமல் முழிக்கிறார்கள் என்றார். அவர் போன பிறகு சின்னராசு அண்ணன் பரிசலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நெடுநேரம் யோசித்தது போல நிதானமாகச் சொன்னார்: "திங்கப் புடிக்கறவனப் பாத்திருக்கறன், விக்கப் புடிக்கறவனப் பாத்திருக்கறன். முத்தம் குடுக்கப் புடிக்கறவன இப்பத்தான் தம்பி பாக்கறன்."

ஒரு நிமிஷ போன்

ஒன்பதாம் வகுப்பு முடித்த லீவு. மாமா போனைக் கட்டை மேல் வைத்துவிட்டு ஐஸ் வாங்கப் போயிருந்தார். அண்ணன் ஏரி நடுவில் இருந்தார். என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். போன் அடித்தது. தொப்பி சார் பெயர். பையன்களைப் பார்த்துக் கண் அடித்துவிட்டு எடுத்தேன். மூக்கால் மூச்சு, ஒரு செருமல், "சொல்லுங்க". அவ்வளவுதான், அவருக்கு நான் பழனி ஆகிவிட்டேன். சிநேகிதர் ஒருவர் வீட்டுத் தொட்டியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு டஜன் பீகாக் பாஸ் இருக்கிறதாம், வேறு வழி இல்லாமல் கொன்றுவிடப் பார்க்கிறாராம், நம் கெரேயில் விட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். பெங்களூரிலிருந்தெல்லாம் ஆட்கள் தூண்டிலோடு வருவார்களாம்.

யோசிச்சுச் சொல்றேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லப்போகிறேன் என்றுதான் பையன்களும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். அதனாலேயே சொல்லவில்லை. எல்லோரும் எதிர்பார்க்கிற இடத்தில் சிரிப்பு கால்வாசிதான் வரும், இது என் தொழில் ரகசியம். மாமா ஜென்மத்தில் சொல்லாததைச் சொன்னேன்: "ஏரி என்ன எங்கப்பன் வூட்டுதா சார்? தாராளமா விடுங்க." பையன்கள் மணலில் உருண்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து தொப்பி சார் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "தேங்க்ஸ் பழனி அவ்ரே. ரெண்டே வருஷம். உங்க கெரேய உங்களுக்கே அடையாளம் தெரியாது பாருங்க."

வயிற்றுக்குள் பதினாறு

மறு வருஷம் கோடையில் சின்னராசு அண்ணன் வலையில் முதல் மீன் வந்தது. கூடையில் கட்லாக்களுக்கு நடுவே தங்க வளையல் விழுந்த மாதிரி கிடந்தது. அண்ணன் இப்படி ஒரு மீனைப் பார்த்ததில்லை. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டுவிட்டு, தானே யோசிக்கப் போய்விட்டார். எனக்கு மட்டும் தெரியும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போட்ட விளையாட்டு ஒரு வருஷம் கழித்து நீந்தி வந்து கட்டை மேல் படுத்திருக்கிறது, வேறு யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?

மெஸ் நடத்தும் மாதப்பா அதை எடுத்துக்கொண்டார். வயிற்றைக் கீறினேன். உள்ளே பொடிமீன்கள், கண்ணாடி மாதிரி இருக்குமே, அந்த ஜாதி. எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்து, தீப்பெட்டிக்குள் குச்சி அடுக்கின மாதிரி. எண்ணினேன், பதினாறு. கடைசியாக உள்ளே போனது இன்னும் வெளிறக்கூட இல்லை. ஒரு காலைச் சாப்பாடு. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு வேளைக்குப் பதினாறு, இன்னும் எத்தனை வாய் உள்ளே இருக்கிறது என்று. ஆனால் மறுநாள் வந்த மாதப்பா, முள்ளே இல்லாத வெள்ளைச் சதை, வந்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள் என்று இன்னொன்று கேட்டு நின்றதில் என் மண்டை மறுபடி கனத்துவிட்டது. அவர் சொன்னது இதுதான்: "சென்னாகிதே கணப்பா. இன்னொந்து இதியா?"

சிஸ்டரின் கூறு

ஏரி செத்துப்போவது சத்தமாக நடக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. முதலில் கரையோரத்து மினுமினுப்பு போனது. நாம் நடந்தால் தண்ணீரின் ஓரத்தில் சிலிர்த்துக்கொண்டு ஓடுமே பொடிமீன் கூட்டம், அது ஒரு நாள் ஓடவில்லை. பிறகு மீன்கொத்தி உட்காரும் கம்பு காலியாக இருந்தது. நீர்க்காகங்கள் இரண்டு மூன்று நாள் முங்கிப் பார்த்துவிட்டு வேறு ஏரிக்குப் போய்விட்டன. அப்புறம் கொசு வந்தது. புழுவைத் தின்கிற வாய்கள் எல்லாம் வேறு வயிற்றுக்குள் போய்விட்டால் கொசுவுக்கு என்ன குறைச்சல்? சாயங்காலம் கடையில் நின்று கை கால்களை அறைந்துகொண்டே மீன் அறுத்தேன். விரலில் கத்தி பட்டதெல்லாம் அப்போதுதான்.

ஸ்டெல்லா சிஸ்டர் தொடர்ந்து ஏழெட்டு ஞாயிறு வெறும் பையோடு திரும்பினார். கட்லா தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். அவர் வீட்டுக்காரருக்கு, மாங்காய் போட்டு வைத்த பொடிமீன் குழம்பு மட்டும்தான் தொண்டையில் இறங்குமாம். ரயில்வே ஸ்டேஷன் பெண் குரலில், தாங்கள் எதிர்பார்த்த பொடிமீன் காலவரையின்றித் தாமதமாகிறது என்று அறிவித்துப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பையை மடித்து இடுக்கிக்கொண்டு சொன்னார்: "ஆண்டவர் ரெண்டு மீன வச்சு ஒரு ஊருக்கே சாப்பாடு போட்டார். நீங்க ஒரு ஏரிய வச்சுக்கிட்டு எனக்கு ஒரு கூறு தர முடியல."

குஞ்சு விட்ட நாள்

எங்கள் தொழிலில் வருஷத்தின் பெரிய நாள் குஞ்சு விடுகிற நாள். மழை பெய்து ஏரியில் புதுத் தண்ணீர் வந்ததும், பண்ணையிலிருந்து விரல் நீளக் கட்லா, ரோகு குஞ்சுகள் ஆக்ஸிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் வரும். பையை உடனே அவிழ்க்கக்கூடாது. மூடின பையை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டுக் காத்திருக்க வேண்டும். பைக்குள் இருக்கும் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்து மெதுவாகச் சாய்க்க வேண்டும். மாமா அதை வேறு யாரையும் செய்ய விடமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குவார், மாதேஸ்வரா என்று ஒரு தடவை சொல்வார், குஞ்சு தானாகவே வெளியே நீந்திப் போகும் வரை பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அடுத்த வருஷம் முழுக்க நாங்கள் சாப்பிடப்போவது அந்தப் பைகளில்தான் இருந்தது.

அந்த போனுக்குப் பிறகு இரண்டாவது மழைக்காலம். முதல் பையைச் சாய்த்தார். குஞ்சுகள் வெளியே வந்தன, ஒரு முழம் போயிருக்காது, தண்ணீர் உலை மாதிரி கொதித்தது. தங்க நிற முதுகுகள். பைகள் மிதந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் அவை படித்துறையைச் சுற்றி வரிசையாக வந்து நின்றிருக்கின்றன. மாமா இடுப்பளவு தண்ணீரில் ஓடி, வடாம் காயவைத்த இடத்தில் காக்காய் விரட்டுவது போல இரண்டு கையாலும் தண்ணீரை அடித்தார். சூ, சூ என்று கத்தினார். நான் எத்தனையோ சத்தங்களைச் செய்து காட்டியிருக்கிறேன், அந்தச் சத்தத்தை மட்டும் யாருக்கும் செய்ததில்லை. மிச்சப் பைகளைப் பரிசலில் ஏற்றி நடு ஏரிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேயும் கொதித்தது. காலிப் பைகளோடு திரும்பி வந்த சின்னராசு அண்ணன், துடுப்பைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "நாம குஞ்சு வுடல தம்பி. அதுங்களுக்குச் சோறு போட்டுட்டு வந்திருக்கறம்."

ஞாபகம்

மீனை விட்டதோடு, வளரட்டும் என்று கரைப் பக்கமே வராமல் இருந்த தொப்பி சார், அந்த மாதம் மூன்று சிநேகிதர்களோடு வந்தார். புதுத் தூண்டில்கள். எடுத்த எடுப்பில் ஒரு பெரிய பீகாக் பாஸ் கவ்வியது. குனிந்து, நிமிர்ந்து, கரையில் இரண்டு அடி இழுபட்டு, அவர் கேட்ட சண்டை முழுசாகக் கிடைத்தது. போட்டோ எடுத்தார். முத்தம் கொடுத்தார். திரும்பத் தண்ணீரில் விட்டார். அதைப் பார்த்ததும் மாமா ஓடிப்போய், வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் கத்தினார். இந்தச் சனியனை யார் இங்கே கொண்டு வந்தது என்று கேட்டார். தொப்பி சாருக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள்தானே போனில் தாராளமாக விடுங்கள் என்றீர்கள் என்றார். மாமா இல்லை என்றார். தொப்பி சார் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். பொய் சொல்கிற முகம் இல்லை அது; மாமாவுக்கும் அது தெரிந்தது.

நான் பாதி செதில் சீவின மீனோடு கட்டை முன்னால் இருந்தேன். வாயைத் திறந்தேன். உள்ளே இருந்த அத்தனை குரலில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. சாயங்காலம் மாமா என்னிடம் கேட்டார், மாப்ள, நான் அப்படி யார்கிட்டயாவது சொன்னேனா, நீ பக்கத்தில் இருந்தாயா என்று. தெரியாது மாமா என்றேன். அது என் சொந்தக் குரல்தான், கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து மாமா மாறிப்போனார். பரிசலைக் கட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார், பாதி வழியில் திரும்பி வந்து முடிச்சைத் தொட்டுப் பார்ப்பார். யாரிடம் என்ன பேசினோம் என்பதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளின் பெயரையே மறந்துபோய்ச் செத்தவர். அந்தப் பயம். ஒரு ஞாயிறு, மீன் இல்லை என்று தெரிந்தும் நலம் விசாரிக்க வந்த ஸ்டெல்லா சிஸ்டரைத் தார்ப்பாய்க்குப் பின்னால் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார். தாழ்ந்த குரல்களையும் என் காது விடாது: "மறதிக்கு எந்த டாக்டரப் பாக்கணும் சிஸ்டர்? வீட்ல தெரிய வேண்டாம்."

வேண்டாத மழை

மீன்துறையிலிருந்து ஓர் ஆபீசர் வந்து பார்த்தார். நல்ல மனுஷன், பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. பெரியதை வலை போட்டுப் பிடிக்கலாம், சின்னது தப்பிக்கும். அப்பனும் ஆத்தாளும் மாறி மாறிக் குஞ்சுக்குக் காவல் நிற்கிற ஜாதி இது. அடிமண் வெடிக்கிற அளவுக்கு ஏரி ஒரு தடவை வற்றினால் ஒழியும் என்றார். மாமா வருஷா வருஷம் உகாதிக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போய், ஏரி நிறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வருவார். அந்த உகாதிக்கும் போனோம், நானும் அண்ணனும் கூட. சுற்றிலும் கூட்டம், மாமா சட்டைப் பையில் டாக்டர் எழுதிக் கொடுத்த சத்து மாத்திரை அட்டை. கும்பிட்ட கையைப் பிரிக்காமல் நெடுநேரம் நின்றார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை, அவரே கொள்ளேகால் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அண்ணன் என் காதோடு சொன்னது: "ஏரிக் குத்தகைக்காரன் மழை வேண்டாம்னு கும்புட்டது அந்தச் சாமிக்கே புதுசா இருக்கும் தம்பி."

கோடி வழிந்தது

மலையில் அன்றைக்கு மழை கேட்டவர்கள்தான் அதிகம் போலிருக்கிறது. ஆடி மாதம் ஊற்றித் தள்ளியது. ஏரி நிறைந்து, அதிகத் தண்ணீர் வெளியேறுகிற கோடி வழிய ஆரம்பித்தது. மற்ற வருஷமாக இருந்தால் மாமா கோடிக்குத் தேங்காய் உடைத்திருப்பார். இப்போது மூன்று பேரும் குடை இல்லாமல் நின்று பார்த்தோம். கல்லின் மேல் சறுக்கிக்கொண்டு, ஒன்று, இன்னொன்று, பின்னாலேயே இன்னொன்று, தங்க முதுகுகள் வாய்க்காலில் இறங்கிக் கீழ் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தன.

அடுத்த ஞாயிறு. மாமாவின் போன் கட்டை மேல் இருந்தது. மாமா கை நீட்டும் தூரத்தில் கூடை அடுக்கிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. அவர் கையில் பாரம், எடுடா என்றார். எடுத்தேன். கீழ் ஏரிக் குத்தகைக்காரர். பழனி, வலையில் புதுசாக ஒரு மஞ்சள் மீன் வந்திருக்கிறது, வாலில் கண் இருக்கிறது, பார்க்க அழகாக இருக்கிறது, தண்ணீரிலேயே விட்டு வளர்க்கலாமா என்று கேட்டார். என் மூக்கு பழக்கத்தில் தானாக மூச்சை இழுத்தது. அதை நிறுத்தினேன். விடாதீங்க, ஒண்ணுகூடத் திரும்பி விடாதீங்க, இது ஏரியையே தின்னுடும் என்றேன். மெல்லிசாக, உடைந்துபோய் ஒரு குரல் வந்தது. யார் பேசுவது என்று அவர் கேட்டார். ஜீவா என்றேன்.

மாமா கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் முன்னால் கட்டையில் ஒரு பீகாக் பாஸ் பாதி கீறிக் கிடந்தது. இப்போதெல்லாம் அவை முன்போல் இல்லை. தலை பெரிசாகவும் உடம்பு கத்தி மாதிரியும் வருகின்றன, மாதப்பாகூட வாங்குவதில்லை. வயிற்றுக்குள் இரண்டு குஞ்சு. இரண்டின் வாலிலும் அதே கண். தின்ன வேறு யாரும் மிச்சமில்லாத ஏரியில் அது தன் இனத்தையே தின்றிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், போன் வந்தது, பையன்கள் சிரித்தது, தெரியாது மாமா என்று பொய் சொன்னது வரை.

மாமா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அன்றைக்குச் சொன்னதை அன்றைக்குச் சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்லு என்றார். மாட்டேன் என்றேன். சொல்லு என்றார். மூக்கால் மூச்சிழுத்தேன், செருமினேன், ஏரி என்ன எங்கப்பன் வூட்டுதா சார் என்று தொடங்கி முழுசாகச் சொன்னேன். முதுகைக் காட்டிக்கொண்டு வலை தைத்துக்கொண்டிருந்த சின்னராசு அண்ணன், மாமாதான் பேசுகிறார் என்று, என்னங் மொதலாளி என்று திரும்பிப் பார்த்தார். மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்து மாதமாக உள்ளங்கையில் எழுதிக்கொண்டு திரிந்த மனுஷன், சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் குடல் வாளியில் போட்டார். பிறகு ஒரு மூச்சிழுத்து, ஒரு செருமல் செருமிச் சொன்னார்: "குரல் என்னுதுதான். ஆனா நான் 'யோசிச்சுச் சொல்றேன்'னுதான்டா சொல்லியிருப்பேன்."

இப்போது எங்கள் ஏரியில் ஒரே மீன், என் தொண்டையில் ஒரே குரல். ஸ்டெல்லா சிஸ்டர் ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டையும் விசாரித்துவிட்டுக் காலிப் பையோடு போகிறார்.